முதியோரைப் பேணிய விதம்

படம் நேராக இல்லை. இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. காலையில் மனைவி சலேத்து ஸ்டூலில் ஏறி அதை மாட்டியபோதே பிலவேந்திரன் கவனித்தார். சொல்லவில்லை. சொன்னால் அந்த இடத்தில் அந்தப் படம் தொங்குவதற்குச் சம்மதித்தது போலாகிவிடும். பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். இப்போது அந்தக் கோணல் அவரை அரித்தது. மடத்திலிருந்து வந்திருக்கும் சிஸ்டர் பவுலின் சரியாக அதற்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டிருந்தார். சிஸ்டரின் தலைக்கு மேலே இருதய ஆண்டவர் ஒரு பக்கம் சாய்ந்து, நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு, சின்னச் சிவப்பு பல்பு வெளிச்சத்தில், இந்த வீட்டிலேயே இருந்து பழகியவர் மாதிரி நின்றார். இரவல் ஆண்டவர். பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் காலையில் கேட்டு வாங்கியது, சிஸ்டர் பஸ் ஏறியதும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அந்த ஆணியில் இருபத்தேழு வருசமாகத் தொங்கியது வேறு படம். கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடிக்கச் சொல்லி இந்தக் கீழத்தெரு முழுக்க ஆயர் இல்லத்துக்கு நடந்துபோன அன்று எடுத்தது. செத்த பிறகும் மேலத்தெருக்காரன் இந்தப் பக்கம், கீழத்தெருக்காரன் அந்தப் பக்கம் என்று பிணத்தைப் பிரித்து வைக்கிற சுவர். முன்வரிசையில் சட்டைப்பை கிழிந்து தொங்க, வாய் பிளந்து கத்திக்கொண்டு அவர். அந்தப் பிலவேந்திரன் இப்போது பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறான். நல்லது. அவன் இதையெல்லாம் பார்க்காமல் இருப்பதே நல்லது. போலீஸ் வேன், ரிமாண்டு, ஆலை வாசலில் பதினாலு நாள் உண்ணாவிரதம் எல்லாம் பார்த்தவன், தன் வீட்டுக்குள்ளேயே நல்ல பிள்ளையாக உட்கார்ந்து, ஒரு கன்னியாஸ்திரி கொடுக்கப்போகிற மார்க்குக்குக் காத்திருக்கிறவனைப் பார்த்தால் காறித் துப்புவான்.

மார்க்குதான். வேறென்ன. மகளை மடத்தில் சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் வீடு பார்க்க வருவார்களாம். பெண் பார்க்க வருகிறவர்களாவது பெண்ணைப் பார்ப்பார்கள், இவர்கள் அப்பனைப் பார்க்கிறார்கள். பிள்ளையை எப்படி வளர்த்தாய், வீட்டில் செபம் உண்டா, குடி உண்டா, கல்யாணம் கோயிலில் நடந்ததா, பிள்ளைக்குப் பிறர் துயரம் தெரியுமா. பிறர் துயரமா? கீழத்தெருவில் பிறந்ததற்கு அதைத் தனியாக வேறு சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எதிரே பாயில் ராக்கினி உட்கார்ந்திருந்தாள். ஜெயராக்கினி, இருபத்திரண்டு வயது, நர்சிங் முடித்தவள், ஒரே பிள்ளை. தெருவில் கிடக்கிற கிழடுகளை எடுத்துக்கொண்டு வந்து, கழுவித் துடைத்து, சாகும்வரை வைத்துப் பார்க்கிற சபையில் சேரப்போகிறேன் என்று நாலு மாதத்துக்கு முன்னால் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. "அரசாங்கம் செய்ய வேண்டியத நீ செஞ்சுட்டா அரசாங்கம் எப்பத்தான் செய்யும்?" என்று கேட்டார். முப்பது வருசமாக மேடையில் கைதட்டு வாங்கிய கேள்வி. அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அது செய்யற வரைக்கும் அவங்க எங்கப்பா ஒண்ணுக்குப் போவாங்க?" பிலவேந்திரன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இன்றைக்குக் காலையில் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, சிஸ்டர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பேச்சு வேணாம். இது மேடை இல்ல, வீடு." இஸ்திரி போட்ட சட்டை கழுத்தில் அறுத்தது. காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"குடும்பம்ங்கிறது குட்டித் திருச்சபை, இல்லீங்களா ஐயா?" என்றார் சிஸ்டர், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே. பிலவேந்திரன் பக்கம் பார்த்துத்தான் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். குட்டித் திருச்சபை. பெரிய திருச்சபையில் சுவர் இருந்தால் குட்டியிலும் இருக்கும். இதை ஒரு துண்டறிக்கையில் போட்டிருக்கலாம், நல்ல வரி. எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். தமிழ் படித்ததே துண்டறிக்கையில்தான். தோல் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்துபோன விரலால் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு தானே எழுத ஆரம்பித்தார். இந்த ஜில்லாவில் இவர் எழுதாத மனுவா? இந்த அம்மாள் கையில் இருக்கிற படிவத்தை எழுதியவன் யாரென்று தெரியவில்லை, எட்டுப் பக்கம், ஒரு கேள்வியைக்கூட நேராகக் கேட்கத் தெரியவில்லை. "வீட்டுல தினமும் குடும்ப செபம் உண்டுங்களாம்மா?" சலேத்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏழு மணிக்கு சிஸ்டர். செபமாலை முடிக்காம சோத்துப் பானையத் தொறக்க மாட்டேன்," என்றாள். அது உண்மை. "ஐயாவும் சேந்துக்குவாங்களா?" சலேத்து வாயைத் திறப்பதற்குள் ராக்கினி சொன்னாள்: "அப்பா வெளிய இருப்பாங்க சிஸ்டர்." வெளியே. என்ன அழகான சொல். ஜெயில் வெளியே, யூனியன் ஆபீஸ் வெளியே, டீக்கடை பெஞ்சு வெளியே. வீட்டைத் தவிர எல்லாம் வெளியே. சிஸ்டர் எழுதினார். என்ன எழுதினார் என்று பிலவேந்திரன் தலைகீழாகப் படிக்கப் பார்த்தார், எழுத்து பொடியாக இருந்தது.

செபத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் அப்பா யார் தெரியுமா? கோயில்பிள்ளை ஞானாதிக்கம். நாற்பத்தொரு வருசம் அந்தக் கோயிலைக் கூட்டி, மணி அடித்து, திரி கொளுத்தி, சாமியாருக்கு உடுப்பு எடுத்து வைத்து, குருசடி விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர். விடியற்காலை நாலரைக்கு எழுப்புவார். செபத்தில் தூங்கி விழுந்தால் ஆற்று மணலைத் தரையில் கொட்டி அதில் முழங்கால் போடச் சொல்வார், அடிக்க மாட்டார், பக்கத்தில் தானும் அதே மணலில் முழங்கால் போட்டுக்கொள்வார், அதுதான் அடியைவிட மோசம். திட்ட முடியாது. திட்டுவதற்கு இடம் கொடுக்காத மனுசன். பிறகு அரிசி. உலை வைப்பதற்கு முன்னால் அம்மா ஒவ்வொரு வேளையும் களைந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். களைந்ததை எப்படிப் போடுவது, களைவதற்கு முன்னால், ஆமாம், காய்ந்த அரிசி, முறத்திலிருந்து. ஞாபகம்கூடக் கோணலாக வருகிறது. பிடியரிசி. ஏழைகளுக்கு. அப்பா அந்தக் கலயத்தில் ஒவ்வொரு நாளும் எங்கள் கையையும் விடச் சொல்வார், பிள்ளைக் கைக்குக் கொடுக்கத் தெரிய வேண்டுமாம், ஐந்து வயசுக்குள் விரல் திறக்கப் பழகாவிட்டால் பிறகு திறக்காதாம். நாங்கள் அரை வயிறு சாப்பிட்டு எழுந்துகொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவோம், பீடத்துக்குக் கீழே பெரிய தவலையில் கொட்டுவோம். மாதக் கடைசியில் பங்குச் சாமியார் அந்த அரிசியை ஏழைகளுக்குக் கொடுப்பார். ஏழைகள் யார்? ஊரில் ஏழை என்றால் யார்? அந்த அரிசி திரும்பி எங்கள் தெருவுக்கே வந்தது. எங்கள் வீட்டுக் கலயத்தில் போன அரிசி, மேலத்தெரு அம்மாக்கள் வரிசையாக நின்று அளந்து போட, எங்கள் வீட்டுக்கே தர்மமாக வந்தது. அம்மா கும்பிட்டு வாங்கினாள். தன் அரிசியைத் தானே கும்பிட்டு வாங்கினாள்! அந்த ஒரு காட்சியைத்தான் பிலவேந்திரன் தன் முதல் துண்டறிக்கையில் எழுதினார், பத்தொன்பது வயசில், சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டார், அப்பா அதைக் கோயில் கதவிலிருந்து தண்ணீர் தொட்டுக் கிழித்தெடுத்தார், பசை போகும்வரை தேங்காய் நாரால் தேய்த்தார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் நடந்த பேச்சுதான் கடைசிப் பேச்சு, பிறகு நடந்ததெல்லாம் தகவல்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா," என்றார் சிஸ்டர். சலேத்து ஓடினாள். பிலவேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடிக்கட்டும் பார்க்கலாம். எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், கீழத்தெருவில் தாகமே எடுக்காத புண்ணியவான்கள். சிஸ்டர் செம்பை வாங்கி அண்ணாந்து முக்கால் செம்பு குடித்து, மிச்சத்தில் கைக்குட்டையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னா வெயிலு!" என்றார். பிலவேந்திரனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றமாக இருந்தது என்பதே எரிச்சலாக இருந்தது. இந்த அம்மாளிடம் கோபிக்க ஒரு பிடிமானம் கொடுத்தால் நன்றாக இருக்கும், சுலபமாக இருக்கும், ஒரு சொல், ஒரு மூக்குச் சுளிப்பு, போதும், எழுந்து நின்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடலாம். பெரிய வியாழனைப் பற்றிக் கேட்கலாம். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவினார் என்று வருசாவருசம் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவாரே, அந்தப் பன்னிரண்டில் எத்தனை வருசம் கீழத்தெருக் கால் இருந்தது என்று கேட்கலாம். ஒரே ஒரு வருசம் இருந்தது. ஒரு கால், இல்லை, இரண்டு கால், அப்பாவுடைய கால். ஊர்வலத்துக்கு அடுத்த வருசம், சமாதானத்துக்காகப் போட்ட எலும்புத்துண்டு. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து சவுக்காரம் போட்டுக் காலைத் தேய்த்தார். மூன்று தடவை. குதிகால் வெடிப்பில் குச்சியை விட்டுச் சுரண்டினார், ரத்தம் வந்தது. "என்னப்பா பண்ற?" என்று கேட்டதற்கு, "சாமியார் கையி அழுக்காயிரக் கூடாதுல்ல," என்றார். கழுவப்படுவதற்காகக் கழுவிக்கொண்டு போன மனுசன்! இதை எந்தப் படிவத்தில் எழுதுவீர்கள்? எத்தனையாவது பக்கத்தில்? தொண்டு தொண்டு என்று பிள்ளைக்கு ஊட்டி ஊட்டி வளர்த்தால் கடைசியில் இதுதான் நடக்கும். கொடுக்கிறவன் கொடுத்துக்கொண்டே இருப்பான், வாங்குகிறவன் தன் காலைச் சுரண்டிக்கொண்டே இருப்பான். நான் என் மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மறியலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு வயசில் என் தோளில் உட்கார்ந்து கோஷம் போட்டவள் அவள். அந்தத் தொண்டையைத்தான் இப்போது மன்றாட்டு சொல்லக் கேட்கிறீர்கள்.

சிஸ்டர் எழுந்து நின்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார முடிவதில்லை என்றார். எழுந்தவர் திரும்பினார். திரும்பியதும் எதிரே படம். மரியாதைக்குச் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, படத்துக்குக் கீழே குனிந்து பார்த்தார். அப்போதுதான் பிலவேந்திரனுக்கு உறைத்தது. இருதய ஆண்டவர் படத்தை வீட்டில் ஸ்தாபிக்கும்போது சாமியார் வந்து மந்திரித்து, அடியில் அந்தக் குடும்பத்தின் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். சலேத்துவுக்குத் தெரியாததா? நாற்பது வருசமாகக் கோயிலும் வீடுமாகக் கிடக்கிறவள், தூசி தட்டினாள், பல்பு மாற்றினாள், பூ வைத்தாள், அடியில் இருப்பதைப் படிக்கவில்லை. சிஸ்டர் படித்தார், சத்தமாக, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி: "இன்னாசி, ஜெசிந்தா குடும்பம். பன்னெண்டு ஆறு தொண்ணூத்தெட்டு." பிறகு திரும்பி, "சலேத்தம்மா, உங்க வீட்டுக்காரரு பேரு இன்னாசிங்களா?" சலேத்துவின் முகம் வெந்துபோனது. ராக்கினி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பிலவேந்திரன் வெடித்துச் சிரித்தார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. "சொல்லுடி, நான் இன்னாசியா? என்னிக்கு மாறினேன்?" சிஸ்டரும் சிரித்தார். "இருக்கட்டும்மா. போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன், படம் சொந்தப் படம். மத்ததெல்லாம் இரவல்." பிலவேந்திரனுடைய சிரிப்பு பாதியில் நின்றது. நல்ல பதில். அவர் சொல்லியிருக்க வேண்டிய பதில். இந்த அம்மாள் நன்றாகப் பேசுகிறது என்பது பிடிக்கவில்லை.

சிஸ்டர் மறுபடி உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினார். "இது ஒண்ணுதான் எங்களுக்கு முக்கியம். மத்ததக்கூட விட்டுடுவோம். எங்க வேலை அப்பிடி." படிவத்தில் இருந்ததைப் படித்தார்: "குடும்பத்தில் நோயுற்றோரையும் முதியோரையும் பேணிய விதம்." பிறகு பேச்சாகக் கேட்டார்: "பொண்ணோட தாத்தா பாட்டி கடைசிக் காலத்துல யாருகிட்ட இருந்தாங்க? இதப் பாத்துத்தானே பிள்ளைங்க வளருது." பிலவேந்திரன் காலையிலிருந்து, இல்லை, நாலு மாதமாக, இந்த மடத்தின் பெயரை ராக்கினி சொன்ன நிமிசத்திலிருந்து, எந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாரோ அந்த இடம். இந்த அம்மாளுக்குத் தெரியுமா? இவர்கள் சபைதான். தான் இந்த ஜில்லாவுக்கு வந்து மூன்று வருசம்தான் ஆகிறது என்று வந்ததும் சொன்னாரே, தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டே கேட்கிறாரா? போலீஸ்காரன் அப்படித்தான் கேட்பான், பதிலை மேசைக்குள் வைத்துக்கொண்டு. சலேத்து முந்திக்கொண்டாள். படம் போன அவமானத்தை எதையாவது போட்டு மூட வேண்டும் அவளுக்கு. "மாமியாரு சின்ன வயசுலயே தவறிட்டாங்க சிஸ்டர். மாமனாரு கோயில்பிள்ளை. வீட்டுலதான் இருந்தாரு. கடைசி மூச்சு வரைக்கும் நான்தான் கஞ்சி ஊத்தினேன்." சிஸ்டர் பேனாவைத் தாளில் வைத்தார்.

வீட்டுலதான். தெருவுக்குச் சொன்ன கதைகூட இது இல்லை. தெருவுக்குச் சொன்னது வேறு: கோயில் மேல கேசு போட்டவன் வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்னு அவராத்தான் கிளம்பிப் போயிட்டாரு. அதை எல்லாரும் நம்பினார்கள், ஏனென்றால் அப்பா அப்படிச் சொன்னது உண்மை, ஒரு தடவை, கோபத்தில். ஆனால் போகவில்லை. சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போனது ஆறு மாதம் கழித்து. மே மாதம், மாவட்ட மாநாடு. வெளியூர்த் தோழர்கள் ஐந்து பேர் இந்த வீட்டில்தான் தங்குவதாக ஏற்பாடு, சென்னையிலிருந்து வருகிற தலைவருக்கு மத்தியானச் சாப்பாடு இங்கேதான். இரண்டே அறை. கூடத்தில் அப்பா. கீழே விழுந்து இடுப்பு போனதிலிருந்து மூத்திரம் நிற்பதில்லை, பாயை எத்தனை தடவை அலசினாலும் அந்த வாடை, சுவரில், சோற்றில், துண்டறிக்கைக் கட்டில். அந்த வாடையில் தலைவரை எங்கே உட்கார வைப்பது? அந்தக் கேள்வியை அன்றைக்கு அவர் தனக்குள் கேட்டுக்கொண்டார், அப்படியே, அதே சொற்களில், இன்றைக்கும் மறக்கவில்லை. மூக்கைச் சுளிக்கிறவர்களைப் பற்றி முப்பது வருசம் பேசியவர் கேட்ட கேள்வி. இந்தச் சபையின் முதியோர் இல்லத்துக்கு ஆட்டோ பிடித்தார். மூன்று நாள்தான், மாநாடு முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். சலேத்து அடுப்பில் இருந்ததால் ராக்கினியையும் மடியில் வைத்துக்கொண்டு போனார், ஆறு வயசு, அதற்கு என்ன தெரியும். சிஸ்டர்கள் வாசலில் வந்து வாங்கிக்கொண்டார்கள், ஒரு பார்சலை வாங்குகிற மாதிரி இல்லை, அப்படி வாங்கியிருந்தால் பிறகு கோபப்பட்டிருக்கலாம், இரண்டு பேர் தோள் கொடுத்து, வாங்க தாத்தா, வாங்க தாத்தா என்று. மாநாடு முடிந்தது. நாலாம் நாள் மறியல், கைது, பதினைந்து நாள் ரிமாண்டு. வெளியே வந்ததும் போகலாம் என்று இருந்தார். அடுத்த வாரம் என்று இருந்தார். சலேத்து மாதாமாதம் போனாள். அவர் பதினோரு மாதத்தில் இரண்டு தடவை போனார். இரண்டாம் தடவை அப்பாவை அவர்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், கதவிடுக்கில் தெரிந்தது, ஒரு சின்னப் பெண், கன்னியாஸ்திரி உடுப்பை முழங்கை வரை மடித்துவிட்டு, அப்பாவின் குதிகாலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அதைத் தடுக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைச் சொல்லாதீங்க என்று வாசல்காரனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அங்கேயே புதைத்தார்கள். அவர்கள் தோட்டத்தில், இடுப்பு உயரச் சிலுவைகள் வரிசையாக, இந்து, முஸ்லிம், பேர் தெரியாத பிணம், எல்லாம் ஒரே வரிசையில். சுவர் இல்லை. அதுதான் தொண்டையில் நிற்கிற முள். கோர்ட்டுக்கும் ஆயர் இல்லத்துக்கும் செருப்புத் தேய நடந்து, மண்டை உடைந்து, வேலை போய், அவர் வாங்கித்தர முடியாத ஒரு இடம், கீழத்தெருவிலேயே ஒரே ஒரு ஆளுக்குக் கிடைத்தது, அது சுவரைப் பற்றி வாயே திறக்காத மனுசனுக்கு, மகன் கொண்டுபோய்த் தள்ளிவிட்ட இடத்தில், மூத்திர வாடைக்காக. ஊர்ச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது, போன வருசம் வெள்ளையடித்தார்கள். இந்தக் கன்னியாஸ்திரிகளை அவர் எதற்காக வெறுக்கிறார்? முறையாக வெறுக்கக் காரணம் உண்டு, எழுதியிருக்கிறார், அச்சடித்திருக்கிறார், தர்மம் நீதியின் எதிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார், அதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்க மாட்டார். ஆனால் அந்த எழுத்துக்கு அடியில் எப்போதும் ஒரு வாடை இருந்தது, அதை அவர் ஒருவர்தான் மோந்தார். இப்போது இந்தப் பொய்யை விட்டுவிடலாம். சலேத்து சொன்னது சொன்னதாக இருக்கட்டும், சிஸ்டர் எழுதட்டும், மகள் போகட்டும். அல்லது சொல்லலாம். சொன்னால்? பெற்ற அப்பனைக் கொண்டுபோய்ப் போட்ட வீட்டிலிருந்து பிறர் அப்பனைப் பார்க்க எவள் வருவாள் என்று படிவத்தை மூடிவிடுவார்கள். ராக்கினி இங்கேயே இருப்பாள். இங்கேயே இருப்பாள்! இத்தனை நாள் தோற்றுக்கொண்டிருந்த சண்டை ஒரு வார்த்தையில் ஜெயித்துவிடும். உண்மையைச் சொல்லி ஜெயிப்பது. அது உண்மையா, இல்லை வெறும் ஜெயிப்பா? சிஸ்டரின் பேனா நகர ஆரம்பித்தது.

"இல்ல," என்றார். சத்தம் அதிகமாக வந்துவிட்டது, மைக் இல்லாத கூட்டத்தில் பேசுகிற சத்தம். "எங்கப்பா இந்த வீட்டுல சாகல. உங்க இல்லத்துலதான் செத்தாரு. நான்தான் கொண்டுபோய் விட்டேன். மூத்திர வாடை அடிச்சது. வீட்டுல மாநாட்டுக்கு ஆளு வந்தாங்க."

சலேத்து, "ஏங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "பாவி மனுசா," என்றாள் தரையைப் பார்த்து.

சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டார். பிலவேந்திரன் பக்கம் திரும்பினார். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. இத இப்ப எதுக்குச் சொல்றீங்க? உண்மையச் சொல்லணும்னா, பொண்ண நாங்க எடுத்துக்கக் கூடாதுன்னா?"

முதல் தடவையாக யாரோ நேராக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். ரெண்டும்தான் என்று சொன்னால் என்ன?

"ரெண்டாவதுதான் சிஸ்டர்," என்றாள் ராக்கினி. பாயிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் குரல் நடுங்கியது, ஆனால் அது அழுகை இல்லை, அவருக்கு அந்த நடுக்கம் தெரியும், ஆலை வாசலில் நிற்கும்போது அவர் குரலில் வருவது. "எங்கப்பாவுக்கு நான் போகக் கூடாது. அதுக்குத் தாத்தாவக் கையில எடுக்கறாரு. பரவால்ல. எடுக்கட்டும். நீங்க எழுதிக்கங்க. நானும் அந்த ஆட்டோவுல இருந்தேன். இல்லத்து வாசலுக்கு வந்ததும் தாத்தா, ஏலேய், செருப்ப வீட்டுல விட்டுட்டேன்டான்னாரு. மூணு நாளுக்கு எதுக்குச் செருப்புன்னு அப்பா சொன்னாங்க. தாத்தா வெறுங்காலோட உள்ள போனாரு. அம்மா செபமாலை சொல்லிக்குடுத்தது, அப்பா கோஷம் சொல்லிக்குடுத்தது எல்லாம் இருக்கு. ஆனா நான் உங்க சபைக்கு வர்றது அந்தக் காலுக்காகத்தான். வேற எதையும் பெருசா எழுதாதீங்க."

செருப்பு. அவருக்கு அது ஞாபகம் இல்லை. வாடை, ஆட்டோ நம்பர், தலைவர் சாப்பிட்ட மீன் குழம்பு, எல்லாம் ஞாபகம் இருந்தது. செருப்பு மட்டும் இல்லை. பதினாறு வருசம் அதை இந்தப் பிள்ளை தனியாக வைத்திருந்திருக்கிறது. அவர் தோளில் உட்கார்ந்து கோஷம் போட்டபோதும் அது அதற்குள் இருந்திருக்கிறது. கோபம் வந்தது, பயங்கரமாக வந்தது, அதை யார் மேல் வைப்பது என்று பார்த்தார்: சலேத்துவா, சிஸ்டரா, சாமியாரா, சுவரா, தோழர்களா. ஒவ்வொருவர் மேலும் வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. எதிரே யாரும் இல்லாமல் அவர் கோபப்பட்டதே இல்லை.

சிஸ்டர் எழுதினார், கொஞ்சமாக. எழுதியதை வாசித்தும் காட்டினார், நல்ல மனசோடு. "குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தந்தையை முதியோர் இல்லத்தில் சேர்த்தார். இது போதும் ஐயா. நான் எழுதற சிபாரிசுல பொண்ண எடுத்துக்கலாம்னுதான் எழுதுவேன். இதனால ஒண்ணும் கெட்டுப் போகாது."

"அடிங்க அத," என்றார் பிலவேந்திரன்.

"என்னங்க ஐயா?"

"அடிச்சிட்டு நான் சொல்றத எழுதுங்க. என்ன சூழ்நிலை? ஒரு சூழ்நிலையும் இல்ல. எல்லாப் பயலும் இதத்தான் சொல்லுவான், ஆலை மொதலாளியும் சூழ்நிலைன்னுதான் சொன்னான் எங்கள வெளிய தள்ளறப்போ. எழுதுங்க. நான், கோயில்பிள்ளை ஞானாதிக்கம் மகன் பிலவேந்திரன்." எழுந்து நின்றுகொண்டார். நூறு மனு சொல்லி எழுதவைத்த நிற்பு அது, கை பின்னால் கட்டி. சிஸ்டர் அடித்துவிட்டு எழுதினார். "என் தகப்பனாரை, மாநாட்டுக்கு வந்தவங்க முன்னாடி வெக்கமா இருந்ததால, மூணு நாள்னு பொய் சொல்லி, முதியோர் இல்லத்துல விட்டுட்டு வந்தேன். சேத்தேன்னு எழுதாதீங்க, விட்டுட்டு வந்தேன்னு எழுதுங்க. அவரு செருப்புக் கேட்டாரு. குடுக்கல. பதினோரு மாசம் திரும்பக் கூட்டிட்டு வரல. அவரைக் குளிப்பாட்டினது உங்க ஆளுங்க." பின்னால் கட்டிய கையை எடுத்துத் தாளை நோக்கி நீட்டினார். "கல்லறைச் சுவரு விசயத்துல உங்க திருச்சபை செஞ்சது அயோக்கியத்தனம். அதையும் எழுதுங்க. அது தனி, இது தனி. ரெண்டும் இருக்கட்டும்."

"அதுக்கு இதுல எடமில்லையே ஐயா."

"மார்ஜின்ல எழுதுங்க."

சிஸ்டர் தாளை ஓரமாகத் திருப்பி, மார்ஜினில், மேலிருந்து கீழாக எழுதினார். பொடி எழுத்தில் நாலு வரி வந்தது. பிலவேந்திரன் படிவத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இரண்டு தடவை படித்தார். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, திருத்தினார். கையெழுத்துப் போட்டார், முழுப் பெயரும், தகப்பன் பெயரும். தாளை நீட்டும்போது சிஸ்டரைப் பார்க்காமல் நீட்டினார்.

ராக்கினி இடையில் புகுந்து அதை வாங்கினாள். நின்றபடியே முதலிலிருந்து படித்தாள், மார்ஜினில் இருந்ததையும் தாளைச் சாய்த்துப் படித்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் பக்கமே திருப்பி நீட்டினாள்.

"தேதி போடலப்பா," என்றாள்.